கேப்டன் பொன்னுரங்கத்துக்கு ஒரு பூசை

கல்லறைத் திருநாளன்று, கடலூர் முதுநகரில் நானூறு பேர் கையில் மெழுகுவர்த்தியோடு நின்றுகொண்டிருந்தபோது, இன்னும் சாகாத ஒருவருக்கு, அதைவிட முக்கியமாக இதுவரை பிறக்கவே பிறக்காத ஒருவருக்கு, நித்திய இளைப்பாற்றி கேட்க வைத்தவன் நான்.

வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் நவம்பர் இரண்டாம் தேதிக்கு முன்பாக ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, கோயில் பெட்டியில் சேர்க்க வேண்டும். பூசையில் அத்தனை பெயரையும் வாசிப்பார்கள். என் மனைவி சகாயசெல்வி எங்கள் பட்டியலை எழுதி மேசைமேல் வைத்திருந்தாள். அப்பா சார்லஸ், அம்மா சவரியம்மாள் என்று தொடங்கி எட்டுப் பெயர். அதே மேசையில், அதே அளவுத் தாளில், அதே கையெழுத்தில் இன்னொரு பட்டியலும் கிடந்தது. கண்ணாடி போட்டால் எனக்கு வயதானது தெரிந்துவிடும் என்று நான் அதைப் போடுவதில்லை. வயது அறுபத்தொன்பது. கைக்கு வந்த தாளை உறைக்குள் தள்ளி ஒட்டிவிட்டேன்.

பெயர் வாசித்தது ஜூலி. கல்லூரியில் படிக்கிற பெண். மைக் கையில் கிடைத்தால் சிக்னல் இல்லாத ரயில் மாதிரி போவாள். தாளில் எது இருக்கிறதோ அதை வாசிப்பாள், நடுவில் யோசித்து நேரத்தை வீணாக்க மாட்டாள்.

"கேப்டன் பொன்னுரங்கம். சித்தார்த். பூஜா ஏழு. செவ்வாய்க் காலனி மக்கள் நாற்பது பேர்."

பூஜா ஏழு என்றதும் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், ஒரே வீட்டில் ஏழு பூஜாவா என்று சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் 'கேப்டன் பொன்னுரங்கம்' என்ற பெயருக்கு மெழுகுவர்த்திகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. எங்களை நோக்கி. புதிதாக வந்திருந்த சாமியாருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கண்ணை மூடி, பொன்னுரங்கத்தின் ஆன்மாவுக்காக மனமுருகி வேண்டினார். அந்தப் பொன்னுரங்கம் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆடி மாதம் தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். அவருக்குத் தீர்த்தம் தெளித்துக் கத்தோலிக்க முறைப்படி வழியனுப்பியாகிவிட்டது.

பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். எரிந்த மெழுகு அவள் இடது கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் துடைக்கவும் இல்லை.

பொன்னுரங்கம் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்படிப்பட்டவர்கள் கடலூர் மாவட்டத்தில் குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சகாயசெல்வி முப்பத்தெட்டு வருடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு விஞ்ஞான நாவல்கள் எழுதியவள். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே, மாத நாவல், அந்த வகை. அதில் எழுபத்து நான்கில் கதாநாயகன் கேப்டன் பொன்னுரங்கம். விண்கலத்தை விசைப்படகு மாதிரி ஓட்டுவார். காற்றே இல்லாத இடத்திலும் காற்றடிக்கிற திசையை மூக்கால் பார்ப்பார். ஜாஸ்தி பேச மாட்டார். அவரை என்னை வைத்துத்தான் எழுதினாளா என்று கல்யாணமான புதிதில் ஆசையோடு கேட்டேன். ஜாஸ்தி பேச மாட்டார் என்ற வரியைக் காட்டினாள்.

அவள் வேலை பார்த்தது பங்கு அலுவலகத்தில். ஞானஸ்நானம், திருமணம், மரணம் என்று மூன்று பதிவேடு. காலை பத்து முதல் ஒரு மணி வரை நிஜ மனிதர்கள் பிறந்து, கட்டிக்கொண்டு, இறந்து போவதை எழுதுவாள். மதியத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து வியாழன் கிரகத்தில் அதையே தொடர்வாள். ஏழு சாமியார்கள் மாறினார்கள். முதல் சாமியார், வேற்றுக்கிரகவாசிக்கு ஞானஸ்நானம் உண்டா என்று கவலைப்பட்டார். நான்காவது சாமியார் அடுத்த மாத நாவலைக் கையெழுத்துப் பிரதியிலேயே கேட்டு வாங்கிப் படித்தார்.

ஐம்பத்தேழாவது நாவலில் ஒரு விபத்து. கப்பல் சமையல்காரர் குப்பு, நாற்பத்து நான்காவது நாவலிலேயே வெடித்துச் சிதறியவர், ஐம்பத்தேழில் சாவகாசமாக எல்லோருக்கும் டீ ஆற்றிக் கொடுத்தார். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர், 'அம்மா, குப்புவின் காரியத்துக்கு நான் கண்ணீர் விட்டவன்' என்று ஒரே ஒரு வரி எழுதி அஞ்சலட்டை போட்டார். மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாவலின் முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்தாள். பிறகு நீளமான மூன்று நோட்டு வாங்கிவரச் சொன்னாள். கோயிலில் இருப்பதைப் போலவே தன் ஆட்களுக்கும் பிறப்பு, திருமணம், மரணம் என்று மூன்று பதிவேடு திறந்தாள். இன்றைக்கு அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். அதன்பிறகு செத்தவர் ஒருவர்கூடத் திரும்பி வந்து டீ ஆற்றவில்லை. மூன்றாவது பதிவேட்டில் ஏறப்போகிறவர்களை முதலில் ஒரு தனித்தாளில் எழுதிவைத்துக்கொள்வது அவள் பழக்கம். ஜூலி வாசித்தது அந்தத் தாளைத்தான். இருநூற்றுப் பதின்மூன்றாவது நாவலுக்கானது.

அவள் எழுதிய எதிர்காலம் எதுவும் நடக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரத்துப் பத்துக்குள் தேவனாம்பட்டினத்திலிருந்து செவ்வாய்க்கு வாரம் இரண்டு விண்கலம் என்று எழுதினாள். இன்றும் அங்கே ஷேர் ஆட்டோ நிரம்பினால்தான் கிளம்பும். அவள் அதற்கெல்லாம் அசரமாட்டாள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர், பொன்னுரங்கம் புறப்படுமுன் எங்கள் பூவராகரை ஒருமுறை சேவித்துவிட்டுப் போகட்டும், பூமியையே தூக்கினவருக்குத் தெரியாத ஆகாயமா என்று கடிதம் போட்டார். நியாயம்தானே என்று அடுத்த நாவலிலேயே கேப்டனை ஸ்ரீமுஷ்ணம் அனுப்பிவைத்தாள், அதுவும் பங்கு அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு.

என் பங்கும் கொஞ்சம் உண்டு. கடலூர் சிதம்பரம் தடத்தில் இருபத்தொன்பது வருடம் நான் கண்டக்டர். டிக்கெட்டோடு கதைச்சுருக்கமும் கொடுத்த ஒரே கண்டக்டர் நானாகத்தான் இருப்பேன். ஆலப்பாக்கத்தில் ஏறுகிறவர் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கேப்டனை ஆபத்தில் மாட்டிவிடுவேன். மீதியைத் தெரிந்துகொள்ள அவர் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் புத்தகம் வாங்கியே ஆகவேண்டும்.

சரி, கல்லறைக்கு வருவோம். பூசை முடிந்து நாங்கள் வீடு வருவதற்குள் வாசகர் வட்டத்து வாட்ஸப் குழுவில் அறுபது மெழுகுவர்த்திப் படங்கள் வந்துவிட்டன. மதியம் பாண்டியன் வந்தான். தேவனாம்பட்டினத்தில் சொந்தமாகப் படகு வைத்திருப்பவன். படகின் பெயர் 'கேப்டன் பொன்னுரங்கம்'. நீல எழுத்து, மஞ்சள் நிழல். அவன் என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அவளிடம் போனான்.

"அக்கா, செத்தவங்க பேர படகுக்கு வைக்கறது எங்கள்ல உண்டு. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குத் தெரியாம சாவக் கூடாதுக்கா. மைக்குல கேட்டா தெரிஞ்சிக்கணும்?"

அவள் இன்றைக்கு வஞ்சிரம் வந்ததா என்று கேட்டாள். அவன் வந்தது என்றான். நல்லது என்றாள். பாண்டியன் என் பக்கம் திரும்பி, "மாமா, நீயாவது சொல்லு" என்றான். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

இதுதான் என் முப்பத்தெட்டு வருட இல்லறம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் கதவு தட்டுகிற சத்தத்தில் முடித்து முடித்து, அவளுக்கு வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. சோறு ஆயிற்றா என்றால் 'பாக்கலாம்'. பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்றால் 'பாக்கலாம்'. உள்ளதை உள்ளபடி சொல்கிற வாக்கியங்களை எல்லாம் புத்தகத்துக்கே செலவழித்துவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன்.

ஆனால் அன்று சிரிப்பு வரவில்லை. பல வருடங்களுக்கு முன், ஏதோ பேச்சில், கேப்டன் போகிற அன்றைக்குப் பேனாவையும் மூடிவிடுவேன் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு வியாழனும் சிதம்பரம் போய்வருகிறாள் என்பதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. ஏன் என்றால் 'வேலை இருக்கு' என்பாள். சிதம்பரத்தில் அவளுக்கு என்ன வேலை? தில்லைக் கூத்தனுக்கே ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டு, என் ஜோக்குக்கு நானே சிரித்து, அதோடு விட்டிருந்தேன். இப்போது ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போகிறாள். எழுபத்து நான்கு நாவல் வாழ்ந்தவனைக் கொல்கிறாள். எழுதுவதை நிறுத்தப்போகிறாளா என்று கேட்டேன். பாக்கலாம் என்றாள். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். வியாழக்கிழமை நானும் வருவேன் என்றேன்.

"வந்தா வாங்க" என்றாள்.

வியாழக்கிழமை பேருந்தில் ஏறியதும் கண்டக்டர் விஜயகுமார் எழுந்து நின்றான். என்னிடம் தொழில் கற்றவன், என்னைப் பார்த்து ஒருநாளும் எழுந்ததில்லை. அவளைப் பார்த்துத்தான். கேப்டன் விஷயம் நிஜமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சேத்தியாத்தோப்பில் அவன் மாமனார் மூன்று நாளாகப் பேப்பர் படிக்காமல் உட்கார்ந்திருக்கிறாராம். பின்சீட்டிலிருந்து ஒருவர், வாகனம் வெடிக்கிறதா, நோயா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். இன்னொருவர், பூஜா ஏழாவது தப்பிக்கட்டும், அது இயந்திரம்தானே, ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். நான் இருபத்தொன்பது வருடம் அந்தத் தடத்தில் கத்தியிருக்கிறேன். என் பேச்சை ஒரு பயணி இந்த அக்கறையோடு கேட்டதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அறுபத்தைந்து வயது, சாயம் போன குடை, மடியில் ஒரு துணிப்பை. இந்தப் பேருந்தில் பாதிப் பேரைச் செவ்வாய்க்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவள். எனக்கு மார்பு கொஞ்சம் விரிந்தது. சட்டைப் பொத்தான் இறுக்கியது. அதற்கு வயிறும் காரணமாக இருக்கலாம்.

சிதம்பரத்தில் இறங்கி, தெற்கு வீதியில் ஒரு சந்துக்குள் நடந்தாள். மாடியில் ஒரு பலகை: கை, தோள், முதுகுப் பயிற்சி நிலையம். அவள் பின்னால் படியேறினேன்.

அங்கே சரண்யா என்ற பயிற்சியாளர். முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரா? ஒருவழியா கூட்டிட்டு வந்துட்டீங்களே" என்று அவளிடம் சொல்லி, எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். பிறகு ரப்பர் மாவு மாதிரி ஓர் உருண்டையைக் கொடுத்து அவளை வலது கையால் பிசையச் சொன்னாள். பத்து நிமிடம். அதன்பின் மேசையில் ஓர் இரட்டைக்கோடு நோட்டை விரித்து வைத்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிப் பழகுவது.

இருநூற்றுப் பன்னிரண்டு நாவல் எழுதியவள் குனிந்து அ எழுதினாள். ஆ எழுதினாள். கை நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இ எழுதினாள். இ கோட்டைத் தாண்டிப் போயிற்று. அதை அடிக்காமல், பக்கத்தில் இன்னொரு இ எழுதினாள்.

ஆகஸ்டில் அவள் எழுதிய மளிகைச் சீட்டைப் பார்த்து, என்ன, நிலநடுக்கத்தில் எழுதினாயா என்று நான் கேட்டது ஞாபகம் வந்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்கு எனக்கு ஒரு நல்ல ஜோக் சொன்ன திருப்தி.

சரண்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினாள். நரம்பு நடுக்கம். உயிருக்கு ஒன்றுமில்லை, டாக்டர் எல்லா டெஸ்ட்டும் பார்த்துவிட்டார். ஆனால் முழுதாகப் போகாது. பயிற்சி செய்தால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். சட்டைப் பொத்தான், கரண்டி, கையெழுத்து வரைக்கும் பரவாயில்லை. "நிறைய எழுதற வேலை இருந்தா மட்டும் கஷ்டம். அம்மா வீட்லதான இருக்காங்க?" என்றாள். மேசைமேல் இருந்த அட்டையைப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில், கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்குப் பெரிதாக, 'இல்லத்தரசி' என்று இருந்தது.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. அட்டையை எடுத்துக்கொண்டு நேராக வெளியே காத்திருந்தவர்கள் நடுவில் போய் நின்றேன். முதுகு வலிக்காரர்கள், தோள் பிடித்தவர்கள், ஏழெட்டுப் பேர். இந்த அம்மா யாரென்று தெரியுமா என்று ஆரம்பித்தேன். முதல் நாவலிலிருந்து சொன்னேன். குப்பு டீ ஆற்றிய கதையைச் சொன்னேன், மூன்று பதிவேட்டைச் சொன்னேன், ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரைச் சொன்னேன். பழைய பழக்கத்தில் குரல் டபுள் விசில் அடித்த மாதிரி ஏறிவிட்டது. கழுத்தில் பட்டை கட்டியிருந்த ஒருவர், தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, "பொன்னுரங்கத்த எழுதறவுங்களா? உள்ள இருக்கறவுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழக்கூடாது என்று சரண்யா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அப்படியே மெதுவாக உள்ளே போய், இரட்டைக்கோடு நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கேப்டன் பிழைப்பாரா என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் நோட்டை மூடி, நடுங்குகிற கையாலேயே அவரைக் கும்பிட்டாள். அந்தக் கையை அவள் மறைக்கவில்லை.

சரண்யா அட்டையை என்னிடமிருந்து வாங்கி, இல்லத்தரசி என்பதை அடித்துவிட்டு மேலே பொடி எழுத்தில் வேறு எழுதினாள். எழுதியதை என்னிடம் காட்டிச் சரிதானே என்று கேட்டாள். கண்ணாடி இல்லாததால் சரியாகத் தெரியவில்லை. சரி என்றேன்.

வெளியே வந்து, கோபுரத்துக்கு எதிரே ஒரு கடையில் காபி வாங்கினேன். டம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். எத்தனை மாதமாக இப்படிப் பிடிக்கிறாள் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க ஒரு ஜோக் அடிச்சிருப்பீங்க. நல்ல ஜோக்காத்தான் இருந்திருக்கும். நானும் சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டா அது சின்ன விஷயமாயிடும்." டம்ளரைப் பலகைமேல் வைத்தாள், கொஞ்சம் சிந்தியது. "இது சின்ன விஷயம் இல்லங்க."

வாயில் இரண்டு மூன்று ஜோக் வந்தன, நல்லவையும்கூட. விழுங்கினேன். வீதியில் ஒரு தேங்காய் வண்டி போனது, அது போய் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன். நான்கு நாளாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டதை இந்த முறை நேராக, கோணல் சிரிப்பு எதுவும் இல்லாமல் கேட்டேன்.

"பொன்னுரங்கத்த முடிச்சிட்டு, எழுதறத நிறுத்திடப் போறியா, செல்வி?"

அவள் என்னைப் பார்த்தாள். பாக்கலாம் என்று வரப்போகிறது என்று நான் தயாராக இருந்தேன்.

"இல்ல" என்றாள். "நிறுத்த மாட்டேன். கேப்டன் என் கையெழுத்துல பொறந்தவரு, அவர வேற யாரும் எழுதி முடிக்கக் கூடாது. அதனாலதான் இப்பவே முடிக்கறேன், கை இருக்கும்போதே. நூத்தியிருபது பக்கம் இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு எழுதினா மார்ச்சுல முடிஞ்சிடும். அதுக்கப்புறம் வர்றவங்கள நான் வாயால சொல்றேன், நீங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்து எழுதுங்க. உங்க ஜோக்க ஒண்ணுகூட உள்ள சேக்கக் கூடாது."